ஜமக்காளக் கடை இணையதளம்: ஃபார்மில் வரும் என்கொயரியை மெயிலில் வாங்க எது நல்ல வழி?

தறிவீட்டுப் பிள்ளை:

வணக்கம். பவானியில் எங்களுக்குச் சின்ன ஜமக்காள வியாபாரம். அப்பா நெய்கிறவர்களிடம் சரக்கு எடுத்து விற்கிறார், ஆன்லைன் பக்கம் என் பொறுப்பு. கடைக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் கிடையாது, சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கங்கள் நாலைந்து. அதில் ‘விலை கேட்க’ என்று ஒரு ஃபார்ம். பெயர், மெயில், போன், என்ன அளவு, என்ன நிறப் பட்டை, எத்தனை உருப்படி, வேண்டுமானால் போட்டோ. கல்யாண மண்டபக்காரர்கள் பழைய ஜமக்காளத்தைப் படம் பிடித்து ‘இதே மாதிரி வேண்டும்’ என்பார்கள், போட்டோ அதற்காக. எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட் என்பதால் பிறந்த தேதியையும் கேட்கிறது, அது ஏன் என்று எனக்கே புரியவில்லை.

அனுப்பு பட்டனை அழுத்தினால் சர்வரில் ஓடும் ஒரு பிஹெச்பி நிரல் கோப்பு எங்கள் டொமைனில் உள்ள இன்ஃபோ முகவரிக்கு மெயில் போடும். அங்கே வருவதெல்லாம் அப்பாவின் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் ஆகும். செய்து கொடுத்த பையன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். கேட்டால் ‘பாக்கறேன் அண்ணா’ என்பான், அதோடு சரி.

பிரச்சினை என்னவென்றால், சில என்கொயரி ஒழுங்காக வருகிறது, சில ஸ்பாமில் கிடக்கிறது, சில எங்கேயும் இல்லை. சேலத்து மண்டபக்காரர் ஒருவர் போன் செய்து, ‘ஃபார்ம் போட்டேன், நன்றின்னு காட்டுச்சு, ஒரு பதிலும் காணோமே’ என்றார். அப்பாவுக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் இணையதளமே வேண்டாம் என்றார். நான் என் ஜிமெயில் முகவரியைப் போட்டுச் சோதித்தால் வந்துவிடுகிறது. ஹோஸ்டிங்கில் கேட்டால் ‘எங்கள் லாக்கில் மெயில் போயிருக்கிறது’ என்கிறார்கள்.

ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். கூகுள் ஃபார்ம்ஸ் போடு என்கிறார் ஒருவர். ஃபார்மை வாங்கி மெயிலாக அனுப்பிவைக்கும் ஃபார்ம்ஸ்பிரீ மாதிரி சேவை எடு என்கிறார் இன்னொருவர். எஸ்எம்டிபி வழியாக, அதாவது மெயில்பாக்ஸில் லாகின் செய்து அனுப்பு, இல்லையென்றால் மொத்தமாக வேர்ட்பிரஸுக்கு மாறு, இப்படியும் இருக்கிறது. ஃபார்மின் ஆக்‌ஷனிலேயே மெயில்டு போட்டுவிட்டால் பிஹெச்பியே வேண்டாம் என்றும் படித்தேன். ஒரு நாளைக்குப் பத்து என்கொயரி வந்தால் அதிகம், முகூர்த்த மாதங்களில் கொஞ்சம் கூடும். ஹோஸ்டிங்குக்கு வருஷம் ஒருமுறை கட்டுவதைத் தாண்டி மாதாமாதம் டாலரில் கட்டுவதென்றால் அப்பாவிடம் செல்லாது. எதைப் பிடிப்பது?


டியூஷன் மாஸ்டர்:

கூகுள் ஃபார்ம்ஸ்தான் தம்பி. எங்கள் டியூஷன் சென்டரின் அட்மிஷன் முழுக்க அதில்தான் ஓடுகிறது. காசு கிடையாது, எல்லாம் ஷீட்டில் வரிசையாக விழுந்துவிடும், தொலையவே தொலையாது.

இரண்டு விஷயத்தை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். புதுப் பதிவு வந்தால் மெயில் அனுப்பும் வசதி அதில் உண்டு, ஆனால் அந்த மெயிலில் ‘ஒரு பதில் வந்திருக்கிறது’ என்ற தகவலும் லிங்கும்தான் இருக்கும். யார், என்ன கேட்டார் என்பதை உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். அடுத்தது, ஃபைல் ஏற்றும் கேள்வி வைத்தால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் லாகின் செய்தே ஆக வேண்டும். எங்கள் பெற்றோர்களுக்குப் பரவாயில்லை, உங்கள் மண்டபக்காரர் அதற்குப் பொறுமையாக இருப்பாரா என்று யோசியுங்கள்.


திருப்பூர் வெப்காரி:

வணக்கம் தம்பி. திருப்பூரில் சின்ன எக்ஸ்போர்ட் யூனிட்களுக்கு சைட் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. உங்கள் கேள்வியை இங்கே மாதாமாதம் யாராவது கேட்கிறார்கள், எந்தச் சேவை நல்லது என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நீங்கள் எழுதிய அறிகுறியைப் பார்த்தால் சேவையை மாற்றத் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

முதலில் ஒரு சோதனை. ஸ்பாமில் கிடக்கிற என்கொயரி ஒன்றை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ போங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று, மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் மூன்று சோதனைகளின் பெயர்களும் பக்கத்தில் பாஸ் அல்லது ஃபெயில் என்றும் இருக்கும். அப்புறம் ஃப்ரம் இடத்தில் யார் முகவரி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பிஹெச்பி கோப்பு, வாடிக்கையாளர் தட்டிய முகவரியையே அங்கே வைக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். பழைய டெம்ப்ளேட்கள் எல்லாமே அப்படித்தான். ரிப்ளை அடித்தால் நேராக அவருக்கே போகட்டும் என்கிற நல்ல எண்ணம்.

அந்த நல்ல எண்ணம் ஒரு காலத்தில் செல்லுபடியானது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு டிமார்க் கொள்கையை ‘ரிஜெக்ட்’ என்று மாற்றியது. அதாவது யாஹூ முகவரி போட்ட மெயில் எங்கள் சர்வரிலிருந்து வராவிட்டால் வாங்காதே என்று உலகத்துக்கே அறிவித்தது. உங்கள் ஹோஸ்டிங் சர்வர் யாஹூ இல்லையே. அதனால் யாஹூ.காம் முகவரி வைத்திருக்கிறவர் ஃபார்ம் போட்டால், உங்கள் சர்வர் அவர் பெயரில் மெயில் எழுதி ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்யும், ஜிமெயில் வாசலிலேயே திருப்பிவிடும். திரும்பி வருகிற பவுன்ஸும் சர்வரில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு முகவரிக்குப் போய் விழும். ஜிமெயில் முகவரிக்காரர்களுக்கு அத்தனை கெடுபிடி இல்லாததால் உங்கள் சோதனை ஒவ்வொரு தடவையும் தேறிவிடுகிறது. ஆனால் அதுவும் நிலையில்லை. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கூகுள் விதிகளிலேயே, வேறு சர்வரிலிருந்து ஜிமெயில் முகவரியை ஃப்ரமில் போடாதீர்கள் என்று நேராகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹோஸ்டிங்காரர் சொன்னதும் பொய் இல்லை. பிஹெச்பியின் மெயில் ஃபங்ஷன் ‘ட்ரூ’ என்று பதில் தந்தால், சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் ‘நன்றி’ பக்கம் அந்த ட்ரூவை நம்பித்தான் வருகிறது.

சேலத்துக்காரர் விஷயம் வேறாகவும் இருக்கலாம். அவர் போட்டோ ஏற்றினாரா, எத்தனை ஏற்றினார் என்று கேளுங்கள். பிஹெச்பி டிஃபால்ட் அமைப்பில் ஒரு ஃபைல் 2 எம்பிக்கு மேல் ஏறாது, மொத்த ஃபார்ம் 8 எம்பியைத் தாண்டக் கூடாது. இப்போதைய போனில் எடுத்த படம் ஒன்றே 4, 5 எம்பி. முதல் எல்லையைத் தாண்டினால் படம் மட்டும் தொலையும். இரண்டாவதைத் தாண்டினால் பெயர், போன் எல்லாமே காலியாகத்தான் பிஹெச்பி கைக்கு வரும். அதைச் சரிபார்க்காத கோப்பு, காலி ஃபார்முக்கும் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லும்.

இனி வழி. மெயில்டு வேண்டவே வேண்டாம், அது பார்ப்பவரின் கணினியில் மெயில் செயலி இருந்தால் அதைத் திறந்துவிடும், இல்லையென்றால் சும்மா நிற்கும். ஒரு ஃபார்முக்காக வேர்ட்பிரஸுக்கு மாறுவதும் வீண். அங்கேயும் இதே தலைவலிதான், பலரும் போடுகிற கான்டாக்ட் ஃபார்ம் 7 என்ற பிளகின் தானாக எதையும் சேமித்து வைக்காது, அதற்கு ஃப்ளமிங்கோ என்று தனிப் பிளகின் வேண்டும்.

உங்களிடம் பிஹெச்பி ஓடும் ஹோஸ்டிங் இருக்கிறது, டொமைன் மெயில் இருக்கிறது. அது போதும். ‘ஃபார்ம்’ என்ற பெயரில் உங்கள் டொமைனிலேயே புது மெயில்பாக்ஸ் ஒன்று திறங்கள். பிஹெச்பிமெயிலர் என்ற இலவச நிரலகத்தை இறக்கி, மெயில் ஃபங்ஷனுக்குப் பதில் அதை வைத்து, அந்த மெயில்பாக்ஸின் பாஸ்வேர்டோடு எஸ்எம்டிபி வழியாக அனுப்புங்கள், போர்ட் 465 அல்லது 587. பழைய பதிவுகளில் கிடக்கும் பிஹெச்பிமெயிலரை எடுத்து ஒட்டாதீர்கள், 2016 டிசம்பரில் அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது, 5.2.20க்கு முந்தையது எதுவும் ஆகாது. ஃப்ரமில் எப்போதும் உங்கள் ஃபார்ம் முகவரி. வாடிக்கையாளர் முகவரிக்கு ரிப்ளை-டு என்று தனி இடம் இருக்கிறது, அப்பா ரிப்ளை அடித்தால் சரியாக அவருக்கே போகும். டு இடத்தில் அப்பாவின் ஜிமெயிலை நேரடியாகப் போட்டுவிடுங்கள், இன்ஃபோ வழியாகச் சுற்றி வர வேண்டாம். ஃபார்வர்ட் ஆகும்போது எஸ்பிஎஃப் பொதுவாக உடையும்.

ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் உங்களுக்கு இருந்தால் ‘ஈமெயில் டெலிவரபிலிட்டி’ என்ற பக்கத்தில் எஸ்பிஎஃப்பும் டிகிமும் சரியா என்று அதுவே சொல்லும். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். புதிதாக ஒன்றைச் சேர்த்து, பழையதை அழிக்காமல் விட்டு, இரண்டும் செல்லாமல் போன சைட்கள் எனக்குத் தெரிந்தே பல.

மிச்சம் இருப்பதுதான் நான் எல்லாருக்கும் அடித்துச் சொல்வது. மெயில் வெறும் அழைப்பு மணிதான், கணக்குப் புத்தகம் வேறாக இருக்க வேண்டும். ஃபார்ம் வந்ததும் பிஹெச்பி முதலில் ஒரு சிஎஸ்வி கோப்பில் (எக்ஸெலில் திறக்கும் எளிய பட்டியல் கோப்பு) ஒரு வரி எழுதட்டும். எழுதி முடித்ததும் நன்றி காட்டட்டும். மெயில் அதற்குப் பிறகு, அது போயிற்றா இல்லையா என்பதையும் குறித்துவைக்கட்டும். கோப்பு, சைட்டின் பக்கங்கள் இருக்கும் பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் முகவரியை ஊகிக்கிறவன் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலையே இறக்கிக்கொள்வான். பாஸ்வேர்டும் அப்படியே வெளியே. ஒரு நாளைக்குப் பத்து வரிக்கு டேட்டாபேஸ் எல்லாம் தேவையில்லை.

பிறந்த தேதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஜமக்காளத்துக்கு எதற்குங்க அது? 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் வாங்காதே என்கிற பக்கம்தான் நிற்கிறது.


மொத்த வியாபாரி:

இவ்வளவு எதற்கு? வாட்ஸ்அப் பட்டன் ஒன்று போட்டால் வேலை முடிந்தது. லிங்கிலேயே ‘ஜமக்காளம் விலை வேண்டும்’ என்று வாசகத்தை எழுதிவைக்கலாம், அழுத்தினால் தயாராக வந்து நிற்கும். போட்டோவும் வரும், குரலும் வரும். எங்கள் மஞ்சள் மண்டியில் மெயில் பார்க்கிறவரே கிடையாது.


திருப்பூர் வெப்காரி:

பட்டன் போடுங்கள், நானும் எல்லா சைட்டிலும் போடுகிறேன். ஆனால் ஹோட்டல்காரர், வெளிநாட்டுக்காரர், பர்சேஸ் பிரிவு வைத்திருக்கிற கம்பெனி இவர்கள் எல்லாம் ஃபார்ம்தான் போடுகிறார்கள், அளவும் எண்ணிக்கையும் ஒழுங்காக எழுதித் தருகிறார்கள். வாட்ஸ்அப்பில் ‘ஹாய்’ என்று வந்து, அளவு கேட்பதற்குள் அரை நாள் போய்விடும்.


தறிவீட்டுப் பிள்ளை:

அக்கா, பந்தயம் நீங்கள் ஜெயித்தீர்கள். ஃப்ரமில் வாடிக்கையாளர் முகவரிதான். ஸ்பாமில் கிடந்ததைத் திறந்து பார்த்தேன், டிமார்க் ஃபெயில். இதுவரை வந்து சேர்ந்த என்கொயரியில் யாஹூ.காம் ஒன்றுகூட இல்லை. எங்களிடம் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களில் பழைய யாஹூ முகவரியை இன்னும் விடாதவர்கள் நிறைய, அத்தனையும் போயிருக்கிறது. சேலத்துக்காரர் நான்கு போட்டோ ஏற்றினாராம்.

பிஹெச்பிமெயிலர் போட்டாயிற்று, யாஹூ முகவரி வைத்துச் சோதித்ததும் வந்துவிட்டது. இப்போது புதுச் சங்கடம். முன்பு பாதி தொலைந்துகொண்டிருந்தது, இப்போது எல்லாமே வருகிறது, குப்பையும் சேர்த்து. லோன் வேண்டுமா, உங்கள் சைட்டைக் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவரட்டுமா என்று வரிசையாக. ‘நான் ரோபோ இல்லை’ மாதிரி கேப்ட்சா போட்டால் மண்டபக்காரர்கள் ஓடிவிடுவார்கள். அதோடு, ஃபார்ம் போட்டவருக்கு ‘கிடைத்தது, நன்றி’ என்று தானாக ஒரு மெயில் போகச் செய்யலாமா? அப்பா ஆசைப்படுகிறார்.


இரவு ஷிப்ட்:

சர்வர் பார்க்கிற வேலை எனக்கு, இந்தக் குப்பையைத்தான் ராத்திரி முழுக்கப் பார்க்கிறேன்.

கேப்ட்சாவுக்கு முன்னால் ஹனிபாட் போடுங்கள். ஃபார்மில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. பாட், அதாவது தானாக ஃபார்ம் நிரப்பும் நிரல், எல்லாப் பெட்டியையும் நிரப்பும், அது நிரம்பி வந்தால் குப்பை. டைப் ஹிட்டன் என்று வைக்காதீர்கள், பல பாட்கள் அதைத் தாண்டிவிடும். சிஎஸ்எஸ் மூலம் திரைக்கு வெளியே தள்ளுங்கள். ஆட்டோகம்ப்ளீட்டை ஆஃப் செய்து, பிரவுசர் தானாக நிரப்பாத மாதிரி ஒரு பெயரும் வையுங்கள், இல்லையென்றால் நிஜ வாடிக்கையாளரின் குரோம் அந்தப் பெட்டியை நிரப்பி அவரையே பாட் ஆக்கிவிடும். பக்கம் திறந்து இரண்டு மூன்று நொடிக்குள் வந்த ஃபார்மையும் சந்தேகப் பட்டியலில் வைக்கலாம். அழிக்காதீர்கள், சிஎஸ்விக்கு அனுப்புங்கள், மெயில் மட்டும் போடாதீர்கள். தப்பாகப் பிடித்திருந்தால் வாரம் ஒருமுறை பார்த்து மீட்டுக்கொள்ளலாம்.

அதற்கும் அடங்காவிட்டால் கிளவுட்ஃபிளேர் டர்ன்ஸ்டைல் என்ற பாட் சோதனை. இலவசம், பெரும்பாலும் படப் புதிர் எதுவும் கேட்காது. ஆனால் பக்கத்தில் அந்தப் பெட்டியை ஒட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அது தருகிற டோக்கனை உங்கள் பிஹெச்பி கிளவுட்ஃபிளேரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் ‘டர்ன்ஸ்டைல் போட்டும் ஸ்பாம் வருகிறது’ என்று புகார் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தானியங்கி நன்றி மெயில்: அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை வைத்தால், உங்கள் ஃபார்மில் யார் முகவரியை வேண்டுமானாலும் தட்டி, அவருக்கு உங்கள் டொமைனிலிருந்து மெயில் அனுப்ப முடியும். ஒருவருடைய இன்பாக்ஸை மூழ்கடிக்க நினைக்கிறவர்கள் இப்படி ஆயிரக்கணக்கான ஃபார்ம்களில் ஒரே முகவரியைப் போடுவார்கள். வாங்குகிறவர் உங்கள் மெயிலை ஸ்பாம் என்று குறிப்பார், அந்தக் கெட்ட பெயர் உங்கள் டொமைனுக்கு. அதிலும் வாடிக்கையாளர் எழுதிய வாசகத்தையே நன்றி மெயிலில் திருப்பி வைத்தால், ஸ்பாம்காரன் தன் விளம்பரத்தை உங்கள் கையால் அனுப்பிவிடுவான். அதற்குப் பதில் நன்றிப் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எண்ணும் கடையின் போன் நம்பரும் காட்டுங்கள்.

சிஎஸ்வியை எக்ஸெலில் திறப்பீர்கள் இல்லையா? சமக் குறியில் தொடங்குகிற எதையும் எக்ஸெல் ஃபார்முலா என்று நினைக்கும், வெளியாள் எழுதியதை அப்படி ஓடவிடக் கூடாது. எழுதும்போதே சமம், கூட்டல், கழித்தல், அட் குறிகளில் தொடங்கினால் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் சேர்த்துவிடுங்கள். போன் நம்பர் கூட்டல் குறியோடு வந்தாலும் இதில் தப்பிக்கும்.

ஃபார்ம்ஸ்பிரீ பற்றிக் கேட்டீர்களே, அது மோசமில்லை. கிட்ஹப் பேஜஸ் மாதிரி சர்வர் நிரலே ஓடாத இடத்தில் சைட் வைத்திருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் இலவசத் திட்டத்தில் மாதம் 50 பதிவுதான், உங்கள் முகூர்த்த மாதத்துக்குக் காணாது. இலவசமாகவே வேண்டும், பிஹெச்பியும் கிடையாது என்கிறவர்களுக்குக் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஃபார்மை வாங்கி ஷீட்டில் எழுதி, முழு விவரத்தோடு மெயிலும் போடும், சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 100 பேர் வரை அனுப்பலாம். மேலே மாஸ்டர் சொன்ன குறை அதில் தீர்ந்துவிடும்.


தறிவீட்டுப் பிள்ளை:

ஹனிபாட் போட்ட பிறகு இன்பாக்ஸ் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. நன்றி மெயில் வேண்டாம் என்றதற்கு அப்பா, ‘குறிப்பு எண் பெரிசா போடு, கண்ணாடி போட்டாத்தான் தெரியும்னு வைக்காதே’ என்று சம்மதித்துவிட்டார்.

கடைசியாக இரண்டு சந்தேகம். எல்லா மெயிலும் ‘புது என்கொயரி’ என்று ஒரே தலைப்பில் வருவதால் ஜிமெயில் எல்லாவற்றையும் ஒரே கட்டாக மடித்துவிடுகிறது, அப்பா மேலே உள்ளதை மட்டும் பார்க்கிறார். போட்டோவை என்ன செய்வது என்பதும் இன்னும் முடிவாகவில்லை.


திருப்பூர் வெப்காரி:

தலைப்பில் குறிப்பு எண், பெயர், ஊர், எண்ணிக்கை போடுங்கள். ‘214, சேலம், 12 உருப்படி’ என்கிற மாதிரி. ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், போனில் திறக்காமலே அப்பாவுக்கு விஷயம் தெரியும். கூடவே ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போட்டு, ஃபார்ம் முகவரியிலிருந்து வருவதை ‘ஒருபோதும் ஸ்பாமுக்கு அனுப்பாதே’ என்று குறித்துவிடுங்கள்.

போட்டோவுக்கு, சிபேனலில் பிஹெச்பி ஐஎன்ஐ எடிட்டர் இருக்கும், ஒரு ஃபைல் 8, மொத்தம் 30 எம்பி என்று உயர்த்துங்கள். மெயிலோடு இணைக்காதீர்கள். இணைத்தால் அளவு மூன்றில் ஒரு பங்கு வீங்கும், ஜிமெயில் பெரிய இணைப்புகளைத் திருப்பிவிடும். சர்வரில் வெளி ஃபோல்டரில் புதுப் பெயரில் சேமித்து, படம்தானா என்று சோதித்து, மெயிலில் பாஸ்வேர்ட் கேட்கிற லிங்க் மட்டும் வையுங்கள். மொத்த ஃபார்மும் காலியாக வந்தால் நன்றிக்குப் பதில் ‘படம் பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்புங்கள் அல்லது வாட்ஸ்அப்பில் போடுங்கள்’ என்று காட்டட்டும். மண்டிக்கார அண்ணன் சொன்ன பட்டனுக்கு அந்த இடம்தான் சரி.